மூன்று பிடி உப்பு

தேவாலயக் கதவில் ஒட்டியிருந்த தாளைக் கஜானன் ஒரே இழுவையில் கிழித்தார். தாள் பாதியில் பிய்ந்தது. 'இன்று மதியச் சாப்பாடு' என்ற பாதி கதவிலேயே நின்றுவிட்டது. 'கிடையாது' என்ற பாதி அவருடைய கையில் வந்தது. அதைக் கசக்கித் தெருவில் எறிந்தார்.

"சிஞ்ஞோர் கஜானன்!" என்று பாதர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். ஆறடிக்கு மேல் உயரமான ஆங்கிலேயர். இத்தாலிய மொழியைப் புத்தகத்தில் படித்தவர் என்பதால் எதையும் மெதுவாகவும் முழுதாகவும் சொல்வார். "உங்களுக்காகத்தான் மூடினேன். மனைவியை அடக்கம் செய்யும் நாளில் நீங்கள் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கக் கூடாது."

"நான் யோசிக்கேல்லை பாதர். அவள் முந்தியே யோசிச்சு வைச்சிட்டாள். கத்தரிக்காய் வந்திட்டுது, பாருங்கோ."

படியில் இரண்டு பெட்டி கத்தரிக்காய் இருந்தது. செலஸ்ரீனா தெரிந்தெடுத்தவை. திங்கட்கிழமை காலை பலெர்மோவின் பல்லரோ சந்தையில் ஒவ்வொரு காயாய்த் தூக்கி, அமத்தி, காம்பைப் பார்த்து, கடைக்காரனோடு வாய்காட்டி எடுத்து முடித்துவிட்டு, "கொஞ்சம் இருப்பம்" என்று கவிழ்த்து வைத்த பெட்டி ஒன்றில் உட்கார்ந்தாள். அம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தொன்பது வயது. ஒரு நாள்கூட ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. கடைக்காரன் அந்தக் காய்களை வேறு ஒருவருக்கும் விற்காமல் தனியாக வைத்திருந்து, இன்று விடியவே கொண்டுவந்து இறக்கிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இந்த ஆங்கிலிக்கன் தேவாலயத்தின் பின்மண்டபத்தில் பதினொரு வருடமாகப் புதன்தோறும் மதியச் சாப்பாடு. யாரும் வரலாம். பெயர் கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிடப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்பதேயில்லை. அந்தப் பத்திரத்துக்கு அலைகிற கானா நாட்டுப் பிள்ளைகள், தனியாக இருக்கிற பலெர்மோக் கிழவர்கள், வேலை போன வங்காளிகள் என்று ஐம்பது அறுபது பேர் வருவார்கள். இறைச்சி மீன் இல்லாமல் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. எவரும் மறுக்க முடியாத சாப்பாடு. அதைத் தொடங்கியவள் செலஸ்ரீனா. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியின் ஆங்கிலிக்கன் குடும்பத்துப் பிள்ளை அவள். கஜானன் கொக்குவில் சைவம். முப்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் ஒருவரையொருவர் மதம் மாற்ற இருவருக்குமே நேரம் கிடைக்கவில்லை. புதன்கிழமைகளில் அவருக்கு வெங்காயம் உரிக்கிற வேலையும் பெரிய சமையல் கிடாரம் தூக்குகிற வேலையும்தான். கிடாரத்துக்குள் என்ன போகிறது என்பது முழுக்க அவளுடைய இராச்சியம்.

"மூண்டு மணிக்குத்தானே பாதர் பூசை?" என்றார் கஜானன். "பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. இடையிலை நேரம் கிடக்கு. பதினொரு வருசத்திலை அவள் ஒரு புதன் விட்டவளோ? இண்டைக்கும் ஒன்பது மணிக்கு வாறாள்."

பாதர் கஜானனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கத்தரிக்காய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

கஜானனுக்கு அழுகை வரவில்லை. அது அவருக்கே வெட்கமாக இருந்தது. இரண்டு இரவு கண் மூடவில்லை. ஆனாலும் கலியாண வீட்டுக்காரனுக்கு வருகிற மாதிரி ஓர் உசார் உச்சந்தலை வரை ஏறியிருந்தது. கால் ஓரிடத்தில் நிற்க மறுத்தது. இந்த ஒரு புதனும் அவள் சமைத்ததுபோலவே நடந்துவிட வேண்டும். அது நடந்தால் போதும், பிறகு என்ன வந்தாலும் வரட்டும் என்று இருந்தது.

ஒன்பது மணிக்குச் சவப்பெட்டி வந்தது. பீடத்துக்கு முன்னால் இறக்கினார்கள். கூடவே கஜானனுடைய அக்கா சறோஜாவும் வந்து இறங்கினார். பின்மண்டபத்துப் பக்கமிருந்து வெங்காய மணம் வந்ததும் அவருடைய மூக்கு விரிந்தது.

"தம்பி, உனக்கென்ன விசரே? சவம் கிடக்க அடுப்பு மூட்டுறதோ?"

"செத்தவீடு ஒரேத்தோ தெருவிலை, எங்கடை வீட்டிலை அக்கா. அங்கை அடுப்புப் பக்கம் ஒருத்தரும் போகேல்லை. இது கோயில்."

"அவளை இஞ்சை கொண்டுவந்து வைச்சாச்சு. அப்ப இதுதான் செத்தவீடு. அதோடை, முப்பத்தொரு நாள் துடக்கை வைச்சுக்கொண்டு நீ சமைச்சு ஊருக்குப் போடப்போறியோ?"

துடக்கு என்ற சொல் கஜானனைப் பிடித்து நிறுத்தியது. சாவு விழுந்த வீட்டுக்காரன் முப்பத்தொரு நாளும் அடுத்தவருக்குச் சமைத்துப் போடக்கூடாது என்பதை அவர் மெய்யாகவே நம்பினார். கொக்குவிலில் அம்மா செத்தபோதுகூட, பலெர்மோவில் இருந்தபடியே, இந்தக் குசினிக்குள் ஒரு மாதம் கால் வைக்கவில்லை. "உங்கடை துடக்கு ஏழு கடல் தாண்டி வருமோ?" என்று செலஸ்ரீனா சிரித்துச் சிரித்தே தனியாக வெங்காயம் உரித்தாள்.

"நான் ஒண்டையும் தொடமாட்டன்," என்றார். "வாசல்லை நிண்டு சொல்லுறன். சமைக்கிற ஆக்கள் வேறை."

சமைக்க மூன்று பேர் இருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற, மதுரையிலிருந்து வந்த யுவஸ்ரீ, மொரீசியஸ்காரி ழாக்லின், பக்கத்து மாடியில் குடியிருக்கிற சிஞ்ஞோரா பீனா. இந்தப் பீனா முதல் வருடம் மிளகாய்ப் புகைக்குப் பொலிஸைக் கூப்பிட்டவள். இப்போது மிளகாய் கிள்ளிப் போடுவது அவளுடைய உத்தியோகம். இன்றைக்கு ஒரு பெரிய தட்டம் நிறைய அடுப்பில் வாட்டிய பாஸ்தாவும் தூக்கி வந்திருந்தாள்.

"இது உங்களுக்கு," என்றாள் கஜானனிடம். "செத்தவீட்டிலை அடுப்பு எரியக்கூடாது. அயலுக்குள்ளை இருக்கிறவைதான் சாப்பாடு குடுக்க வேணும். எங்கடை வழக்கம்."

"பாத்தியோ!" என்று சறோஜா துள்ளினார். "வெள்ளைக்காரிக்கே தெரியுது!"

"அதையும் மேசையிலை வையுங்கோ சிஞ்ஞோரா," என்றார் கஜானன். "எல்லாருமாய்ச் சாப்பிடுவம்."

குசினி வாசற்படிக்கு வெளியே, கோடு கிழித்தது போலக் காலை வைத்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து தொடங்கியது அதிகாரம். இப்படி ஒரு தொண்டை அவருக்கு இருப்பது அன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

"ழாக்லின், அந்தக் கிடாரம் இல்லை, மற்றது! அடி தடிச்சது! யுவஸ்ரீ, பருப்பை மூண்டு தண்ணியிலை கழுவு. மஞ்சள் இப்பவே போடு. பிறகு போட்டால் பச்சை மணம் போகாது."

"அங்கிள், தக்காளி போடணுமா?"

"தக்காளியோ! அது உங்கடை சாம்பாருக்கு. இது பருப்பு, பிள்ளை, பருப்பு! தேங்காய்ப்பால் கடைசியிலைதான்."

"கடைசின்னா எப்ப?"

"பருப்பு சத்தம் போடுறதை நிப்பாட்டின பிறகு."

யுவஸ்ரீ கிடாரத்தின் மேல் காதை வைத்துக் கேட்டாள். ழாக்லின் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகுதான் சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி இருப்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்தினாள். "சிரி பிள்ளை, சிரி," என்றார் கஜானன். "அவள் இருந்தால் இதைவிட உரத்துச் சிரிச்சிருப்பாள்."

பதினொன்றரை ஆயிற்று. கத்தரிக்காய் எண்ணெயில் பொரிந்து பொன்னிறமாக வந்தது. சோறு வெந்துவிட்டது. வெளியில் ஆட்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். பாதர் வந்து எட்டிப் பார்த்து, "நாற்பது பேர் நிற்கிறார்கள்," என்று பள்ளிக்கூடப் பையன்போலக் குதூகலமாகச் சொல்லிவிட்டு ஓடினார். நடக்கப்போகிறது, நடந்துவிடும்.

"அங்கிள், பருப்புக்கு உப்பு எவ்வளவு?"

"மூண்டு பிடி."

யுவஸ்ரீ கல்லுப்புச் சாடிக்குள் கையை விட்டாள். அந்தக் கையைப் பார்த்ததும் கஜானன், "நில்! நில்!" என்று கத்தினார். நீளமான, மெலிந்த விரல்கள். அந்தக் கை அள்ளினால் ஒரு பிடியில் பாதிதான் வரும். "ழாக்லின், நீ அள்ளு. இல்லை, இல்லை, வேண்டாம்." ழாக்லினின் உள்ளங்கை அகப்பை அகலம். அந்தக் கையால் மூன்று பிடி போட்டால் பருப்பைக் கடலில்தான் கொட்ட வேண்டும்.

"கரண்டிக் கணக்கு சொல்லுங்க அங்கிள்."

கரண்டிக் கணக்கு அவருக்குத் தெரியாது. செலஸ்ரீனாவுக்கும் தெரிந்திருக்காது. மூன்று முறை அள்ளிப் போட்டுவிட்டுக் கையை உதறுவாள், அவ்வளவுதான். சுவை பார்த்துச் சரி செய்யலாம் என்றால் துடக்குக்காரன் ருசி பார்க்க முடியாது. மற்ற மூவரும் அதைச் சாப்பிட்டவர்களே தவிர அதன் உப்பை அளந்தவர்கள் இல்லை. காலையிலிருந்து ஏறியிருந்த உசார் முழுவதும் ஒரு நொடியில் காலடிக்கு இறங்கியது. அவள் போய்விட்டாள் என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. பருப்பைப் பற்றிக் கேட்பதற்கு இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை.

"கையைக் காட்டுங்கோ," என்றார். "எல்லாரும் கையை நீட்டுங்கோ."

மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற பிள்ளைகள்போல வரிசையாக நின்று கையை நீட்டினார்கள். கஜானன் படிக்கு வெளியே நின்றபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பீனாவின் கையில் அவருடைய பார்வை நின்றது. குட்டையான, சதைப்பிடிப்பான கை. முடக்குவாதத்தில் சின்னவிரல் நிமிர்ந்து விறைத்து நின்றது. செலஸ்ரீனாவின் சின்னவிரலும் அப்படித்தான். வேலைக்குப் போன வீட்டில் இரும்புக் கதவு விழுந்து நசிந்த நாளிலிருந்து அது மடங்கவில்லை.

அவர் படியைத் தாண்டி உள்ளே போனார். பீனாவின் கையைப் பிடித்து, சாடிக்குள் இறக்கி, நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கினார். ஐந்தாவதை அப்படியே விட்டார். கையைத் தூக்கியபோது மடங்காத விரலுக்குள்ளால் கொஞ்சம் உப்புத் திரும்பவும் சாடிக்குள் கொட்டியது.

"ஓம்," என்றார். "இதுதான்."

மூன்று பிடியும் விழும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை. பீனா அவருடைய முகத்தைப் பார்க்காமல் கிடாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் நின்ற சறோஜா அடுக்கியிருந்த தட்டுகளை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினார்.

பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது. வந்தவர்கள் நேரே மண்டபத்துக்கு வரவில்லை. ஒவ்வொருவராகப் பெட்டியின் பக்கம் போய் நின்று, சிலர் தொட்டு, சிலர் முணுமுணுத்து, பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். இருபது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள்கூடச் சத்தமில்லாமல் கதிரை இழுத்தார்கள். சோறு போனது, குழம்பு போனது, பருப்பு போனது. கஜானன் முதல் மேசையின் அருகில் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்பவனைப்போல நின்றார்.

முதல் மேசையில் தொத்தோ இருந்தார். எண்பது வயது, பஸ் ஓட்டி ஓய்ந்தவர். வீட்டில் யாரும் இல்லாதவர். பருப்பைச் சோற்றில் குழைத்து ஒரு கரண்டி வாயில் வைத்தார். மென்றார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"உப்புக் காணாது," என்றார் உரத்து.

யுவஸ்ரீ அகப்பையோடு ஓடி வந்தாள். "ஐயோ அங்கிள்..."

கஜானனுக்குக் கண் நிறைந்து, சிரிப்பும் வந்தது. பதினொரு வருடமாகப் புதன்தோறும் இந்த மனிதர் இந்தக் கதிரையில் இருந்து சொல்கிற ஒரே முறைப்பாடு அது. "உங்களுக்குப் பிரஷர். காணாமல்தான் இருக்கும், சாப்பிடுங்கோ," என்று செலஸ்ரீனா குசினியிலிருந்தே குரல் கொடுப்பாள்.

தொத்தோ குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மேசை நடுவில் இருந்த உப்புப் போத்தலுக்குக் கையை நீட்டினார்.

கஜானன் அவருக்கு முந்தி அதை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யுவஸ்ரீயின் கையிலிருந்த அகப்பையை வாங்கி, இன்னும் கொஞ்சம் பருப்பை அள்ளிக் கிழவருடைய தட்டில் விட்டார்.