அம்மாவை மிதிப்பது

அம்மாவின் வலது கை காது வரைகூட எழும்பவில்லை. பாதி வாரிய தலையோடு சீப்பை வைத்துவிட்டு, குப்புறப் படுத்திருந்த வெள்ளைக்காரியிடம் போய் உட்கார்ந்தாள். வலி தோளில் இல்லை, எதையோ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், விட்டுவிடுங்கள் என்று வழக்கம்போலச் சொன்னாள். தாய்லாந்தின் சியாங் மாயில் எங்கள் மசாஜ் கடைக்கு வருகிறவர்கள் அதைக் கேட்டு அழுதுவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா இன்னொருத்தியோடு போன மழைக்காலத்தில் இறுகிய தோள் அம்மாவுடையது. அதன்பிறகு யாரையும் தொடவிட்டதில்லை.

நான் பள்ளியை விட்டதும் நெருப்பு மிதி கற்றுக்கொடுத்தவளே அவள்தான். கரி அடுப்பில் கலப்பைக் கொழுவைக் காய வைத்து, பாதத்தை எண்ணெயில் தோய்த்து, கொழுவில் ஒரு கணம் ஒற்றி, அந்தச் சூட்டோடு உடம்பை மிதிக்க வேண்டும். படுத்திருப்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனாலேயே எனக்கு ஒத்துவந்தது. கல்லாய்ப்போன எத்தனையோ தோள்கள் என் காலடியில் இளகியிருக்கின்றன. அம்மாவின் தோள் மட்டும் ஆகாது. எங்களில் பெற்றவளின் பாயைத் தாண்டினாலே மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வெள்ளைக்காரி போனதும் மறுபடி ஆரம்பித்தேன்.

"ஊருக்கெல்லாம் என் கால் மருந்து. உனக்கு மட்டும் பாவமாம்மா?"

"பெத்தவளை மிதிச்சா அடுத்த பிறவியில நாயாத்தான் பொறப்ப."

"பொறந்துக்கிறேன். இந்தக் கையும் போயிட்டா கடைய யாரு பாக்குறது?"

எங்களோடு வேலை செய்யும் சான்பெங் அத்தை துண்டு மடித்தபடி நிமிராமலே சொன்னாள்: "பெத்தவளை மிதிக்காத புள்ள எங்க இருக்கு? இவளாவது எண்ணெய் தடவிட்டு மிதிக்கிறா."

அம்மா சிரித்துவிட்டாள். சிரிப்பு தோளைக் குத்தியிருக்க வேண்டும். முகம் சுளித்து, அப்படியே பாயில் கவிழ்ந்தாள். சீக்கிரம் முடி என்று தலையணைக்குள் முனகினாள்.

விழுந்து வணங்கி மன்னிப்புக் கேட்டேன். பாதத்தைத் தோய்த்துக் கொழுவில் ஒற்றினேன். எண்ணெய் பட்டுக் குப்பென்று தீ எழுந்தது. தூக்கிய கால் அவள் தோளுக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. இத்தனை நாள் சண்டை போட்டது இதற்காகவா என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. சூடு ஆறிப்போயிற்று. மறுபடி தோய்த்தேன், மறுபடி ஒற்றினேன். கால் மறுபடியும் அங்கேயே நின்றது.

"கொக்கு மாதிரி நின்னது போதும்டி," என்றாள் அம்மா, திரும்பாமலே.

பெருவிரலிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் அவள் தோளில் விழுந்தது. சிலிர்த்தாள், விலகவில்லை. மூச்சு இழுக்கும்போதெல்லாம் அந்தத் தோள் என் பாதத்தை நோக்கிக் கொஞ்சம் எழும்பி வந்து, தாழ்ந்தது.