வண்டி யார் பேரில்

மாமியாரின் தலைமாட்டில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, மருமகனின் சட்டைப் பையில் மாமியாரின் போன் அடித்தது. கூடத்தில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காலை ஆறரைக்கு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சு நின்றுபோன அந்த அம்மாளின் கையிலிருந்து அவன்தான் அதை எடுத்துப் பையில் போட்டிருந்தான். அணைத்து வைக்கத் தோன்றவில்லை. இப்போது மணி பதினொன்று.

சமையலறைக்குள் போய் எடுத்தான்.

"அம்மா, பூக்கடையிலேர்ந்து பேசுறேன். நேத்து கேட்டீங்கல்ல, அந்தக் காரை நான் யாருக்கு வித்தேன்னு. நம்பர் கிடைச்சிடுச்சு. ரொட்டிக்கடைக்கார அம்மா ஒருத்தங்க. எழுதிக்கிறீங்களா?"

"நான் அவங்க மருமகன். சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"ஆனா இப்ப அடிச்சா எடுக்கமாட்டாங்க சார். ராத்திரி பூரா அடுப்புக்கிட்ட நிக்கிறவங்க. பகல்லதான் தூக்கம். காலையில கீழ ஷெட்ல வண்டிய சார்ஜ்ல சொருகிட்டு, மேல ஏறிப் படுத்தா சாயங்காலம்தான். தினம் இதான்."

கடை எங்கே என்றும் கேட்டு எழுதிக்கொண்டான். அந்த நம்பருக்கு மூன்று முறை அடித்தான். போன் அணைந்து கிடந்தது.

கடிதம் வந்தது ஏழு வாரத்துக்கு முன்னால். கார் கம்பெனி அனுப்பியிருந்தது. பேட்டரிக்குள் கோளாறு இருக்கலாம், இலவசமாக மாற்றித் தருகிறோம், அதுவரை எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றாதீர்கள், கூரைக்குக் கீழே நிறுத்தாதீர்கள், ஆட்கள் தூங்கும் இடத்திலிருந்து தள்ளி நிறுத்துங்கள். அந்த மின்சாரக் காரை மாமியார் விற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"தூக்கிக் குப்பையில போடுங்க அத்தை. வண்டிதான் நம்மளது இல்லையே" என்றான் இவன்.

"லெட்டர் நம்ம பேருக்கு வந்திருக்கே மாப்ளே."

கம்பெனிக்குப் போன் செய்தார். எங்கள் கணக்கில் நீங்கள்தான் ஓனர் என்று அந்தப் பக்கத்துப் பெண் சாதித்தாள். மறுநாள் காலையில் மாமியார் நேராக இவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து நின்றுவிட்டார். விற்றது அவர் சார்பில் இவன்தான். பெயர் மாற்றும் பாரத்தை வண்டிப் பதிவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டியவனும் இவன்தான். "குடுத்தேன் அத்தை, குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே மேஜை டிராயரைத் திறந்தால், காலிக் கண்ணாடிக் கூடுகளுக்கு அடியில் அது மடிப்புக் கலையாமல் இருந்தது. ஊர்க்காரர் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்கிறவன் லட்சணம் அது. முதல் ஆளே பெயர் மாற்றாத வண்டிக்கு அடுத்தடுத்து வாங்கியவர்கள் மட்டும் மாற்றுவார்களா என்ன? அது பாட்டுக்குக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. கடிதம் மட்டும் பழைய விலாசத்துக்கு வந்தது.

மாமியார் பாரத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "இது கிடைச்சிடுச்சு. இனிமே ஆளு கிடைக்கணும்" என்றார், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் மகள் கேட்டதற்கு, "ஆபீஸ்ல எங்கயோ சிக்கிக்கிச்சாம்" என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டார். சொல்லாதீர்கள் என்று இவன் கேட்கவே இல்லை. அவருக்கு முன்னால் தலை நிமிர்ந்து உட்கார அதன் பிறகு இவனுக்குக் கூச்சமாக இருந்தது.

அவர் முப்பத்தோரு வருஷம் தபால் இலாகாவில், விலாசம் சரியில்லாத கடிதங்களைப் பிரித்து ஆளைத் தேடும் பிரிவில் இருந்தவர். கூட வேலை பார்த்தவர்கள் அவரை 'விலாசம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதையாவது பிடித்தால் விடமாட்டார். வண்டியை வாங்கிய தரகன் கடையையே காலி செய்துவிட்டிருந்தான். எதிர்க்கடையில் சாவி வெட்டுகிறவரைப் பிடித்தார். அவர் மூலமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர் அகப்பட்டார், வாத்தியார் மூலமாகப் பூக்கடைக்காரர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், ஆனாலும் போவார். "விடுங்க அத்தை, உடம்பு என்னத்துக்கு ஆகும்" என்று இவன் சொன்னால், "ஆளைத் தேடாதீங்க மாப்ளே, ஆளைத் தெரிஞ்சவங்களைத் தேடுங்க. சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று தொழில் ரகசியம் சொல்லித் தருவார். டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அவன் இப்போது மாமியாரின் கைப்பையைத் திறந்து கடிதத்தையும் பாரத்தையும் எடுத்துக்கொண்டான். வாசலில் மனைவியின் பெரியப்பா மறித்தார்.

"நாலு மணிக்கு எடுக்கணும். வீட்டு மாப்பிள்ளை இப்ப எங்க கிளம்பிட்டீங்க?"

"அத்தையோட வேலை ஒண்ணு மிச்சம் இருக்கு."

"போனவங்களுக்கு இனிமே என்ன வேலை?"

அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"வந்து எல்லாத்தையும் சொல்றேன்" என்றான் அவளிடம்.

அவள் தலையை ஆட்டினாள்.

ரொட்டிக்கடை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த சந்தில் இருந்தது. ஷட்டர் இறக்கியிருந்தது. பகலில் தூங்குகிறவர்கள் வீடாயிற்றே, அழைப்பு மணியின் கம்பியையே பிடுங்கி விட்டிருந்தார்கள். ஷட்டரைத் தட்டினான், பிறகு இடித்தான். பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் கத்தரியோடு வெளியே வந்தார்.

"அந்தம்மாவை எழுப்பினா உயிரோட விடாது சார்."

"எழுப்பலேன்னாதான் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு இவன் ஷெட்டுக்குள் நுழைந்தான்.

அதே நீலக் கார்தான். தொண்ணூற்றேழு சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது. சுவிட்ச் இருந்த சுவரை மறைத்து மைதா மூட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. இரண்டை இழுத்துத் தள்ளி, மற்றவற்றின் இடுக்கில் உடம்பை நுழைத்து, கையை எட்டி சுவிட்சை அணைத்தான். அவன் வெளியே வருவதற்குள் அந்த அம்மாள் மாவு உருட்டும் கட்டையோடு இறங்கி வந்துவிட்டார்.

"யாருய்யா நீ? என் ஷெட்ல உனக்கென்ன வேலை?"

அவன் கடிதத்தை நீட்டினான். அவர் ஒரு முறை படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். கட்டையைக் கீழே வைத்துவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

"மேல எங்க வீட்டுக்காரர் இருக்காரு" என்றார். "ரெண்டு வருஷமா படுக்கைதான். அவரால இறங்க முடியாது."

இருவரும் சேர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் எதிரே இருந்த காலி மனையின் நடுவில் நிறுத்தினார்கள். அது எரிந்திருக்குமா, இன்னும் பத்து வருஷம் ஒழுங்காக ஓடியிருக்குமா, யாருக்குத் தெரியும்? பெயர் மாற்றும் பாரத்தில் அந்த அம்மாளின் பெயரை எழுதி, கையெழுத்து வாங்கி, நாளைக்கே கொடுத்துவிடுகிறேன் என்றான். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"நான் இன்னிக்கு ஒரு நாள்தான் வந்தேன். எங்க அத்தைதான் ஏழு வாரமா உங்களத் தேடிக்கிட்டிருந்தாங்க."

"என்னை அவங்களுக்குத் தெரியாதே."

"தெரியாது. அதான் ஏழு வாரம் ஆச்சு."

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவங்களை ஒரு தடவ பாக்கணும் தம்பி. வீட்லதான் இருக்காங்களா?"

அவன் மணி பார்த்தான்.

"நாலு மணி வரைக்கும் இருப்பாங்க" என்றான்.

அவன் வீட்டுக்குத் திரும்பியபோது இரண்டரை. கூட்டம் சேர்ந்திருந்தது. பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் மனைவியின் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"அந்தக் காரு பாரத்தை நான் குடுக்கவே இல்லை. என் டிராயர்லதான் கிடந்துச்சு. அதனாலதான் அத்தை இப்படி அலைஞ்சாங்க."

அவள் அவனையே பார்த்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"மொதல்லயே தெரியும்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லலை."

அவள் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ உள்ளே வந்தார்கள், யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"ஆளு கிடைச்சாங்களா?" என்றாள், திரும்பாமல்.

"கிடைச்சாங்க. வண்டிய வெளிய தள்ளி நிறுத்தியாச்சு."

அவள் கை பின்னால் வந்து அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தது. அப்போதுதான் அவனை முழுசாகப் பார்த்தாள். தோள், முதுகு, கை எல்லாம் மாவு. உள்ளங்கையால் அவன் தோளைத் தட்டத் தொடங்கினாள். தோளில் போனதும் முதுகைத் தட்டினாள். மாவு பறந்து இருவர் மடியிலும் விழுந்தது.