மிட்-ரேஞ்ச் மச்சான்

“மச்சான், உனக்கு விசரா?” என்று டெனிஷா அனுப்பிய மெசேஜ், பிளைவூட் மறைப்புக்கு அந்தப் பக்கம் போய் ‘டிங்’ என்றது.

முதலில் அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் அந்த வரிசை வீடுகளில் யாருடைய போன் எப்போது சத்தம் போடுகிறது என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? ஆனால் அதே நொடியில் மறைப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய அப்பா நோபேட் கடகடவென்று சிரித்தார். சிரித்து முடித்துத் தொண்டையைச் செருமினார். பிறகு, தான் வேலை செய்யும் ஒருகொடவத்தைச் சரக்கு யார்ட்டில் லொறிக்காரர்களைக் கூப்பிட்டுப் பழகிய குரலில், போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

“விசர் இல்ல தம்பி. எனக்கு இந்தச் சாமானப் பத்தி ஒண்டும் தெரியாது. அதுதானே உங்களிட்டக் கேக்கிறன். டைப் பண்ணி விரல் நோகுது, இனி வொய்ஸ்லதான் வருவன், என்ன?”

டெனிஷாவின் கைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது. திரையில் மஞ்சள் றோஸாப்பூப் படம், ‘N. J.’ என்ற பெயர், பக்கத்தில் ஒரு வொய்ஸ் மெசேஜ். அதை அழுத்திக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பல்லி விழுந்தது போல அவள் போனைக் கட்டிலில் போட்டாள்.

பின்னேரத்திலிருந்து அவளுடைய பேஜுக்கு எழுதிக்கொண்டிருந்த ஆள் டாடிதான். ‘3 fan card gud?’ என்று கேட்டதும் டாடிதான். அவரைத்தான் அவள் மச்சான் என்றாள். அவரிடம்தான் உனக்குப் பைத்தியமா என்று கேட்டாள். அதுவும் சும்மா கேட்கவில்லை, தலை வெடிக்கிற படம் ஒன்றையும் சேர்த்துப் போட்டிருந்தாள். இனி அதை அழித்தும் பயனில்லை. மனிதர் வாசித்துச் சிரித்தும் விட்டார்.

பேஜின் பெயர் ‘மிட்-ரேஞ்ச் மச்சான்’. பெரிய விலைக் கிராபிக்ஸ் கார்ட் வாங்க வழியில்லாத, ஆனால் கேம் விளையாடாமலும் இருக்க முடியாத கொழும்புப் பொடியன்களுக்காக அவள் நடத்துவது. எந்தக் கார்ட் எடுக்கலாம், எந்தக் கடைக்காரன் தலையில் கட்டப் பார்க்கிறான் என்றெல்லாம் சொல்லுவாள். முதலில் சொந்தப் பெயரில்தான் ஒரு குறூப்பில் பதில் சொல்லிப் பார்த்தாள். கார்டைப் பற்றி ஒருவனும் கேட்கவில்லை, எல்லாரும் “ஹாய் சிஸ்” என்று மட்டும் சொன்னார்கள். மச்சானாக மாறிய பிறகு அவள் சொல்வதை மூவாயிரம் பேர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்கிறார்கள்.

ஆனால் மூவாயிரம் பேரும் கார்டுக்காக வந்தவர்கள் இல்லை. அங்கேதான் சிக்கல். வியாழக்கிழமைகளில் ‘எங்கட டாடி’ என்று ஒரு பகுதி போடுவாள். பேஜ் ஏறியதே அதனால்தான். ஓடிக்கொண்டிருக்கும் கொம்பியூட்டருக்குத் தூசி படும் என்று துவாய் போர்த்திவிடும் டாடி. வீடு மந்திரிக்க வந்த சுவாமியாரிடம், “ஃபாதர், இந்த பவர் சப்ளைக்கும் கொஞ்சம்” என்று தீர்த்தம் கேட்ட டாடி. மழை வந்தால் ‘வைஃபை நனையும்’ என்று றௌட்டரைக் கட்டிலுக்குக் கீழே வைக்கும் டாடி. ஆளைக் கண்டுபிடிக்காமல் இருக்க, அந்த டாடியை அவள் வெள்ளவத்தையில் குடிவைத்திருந்தாள். ஒரு பேங்க் மனேஜர் வேலையும், பாவம், ஒரு வழுக்கையும் கொடுத்திருந்தாள்.

பிடிபட்டால் போன் போகும், கொம்பியூட்டர் போகும். அதுகூடப் பரவாயில்லை. மூவாயிரம் பேர் வாரா வாரம் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரியவரும்போது டாடியின் முகம் எப்படிப் போகும் என்பதை நினைக்கத்தான் அவளால் முடியவில்லை.

அந்தப் பக்கம் மறுபடியும் செருமல்.

“தம்பி, ஒண்டு சொல்லோணும். நான் உங்கட பெரிய ஃபேன். நானும் மர்ஸூக் நானா எண்டு என்னோட வேலை செய்யிற அண்ணரும் வியாழக்கிழமை எண்டா டீ குடிக்கைக்க உங்கட டாடி கதையத்தான் வாசிக்கிறது. அந்தத் துவாய்க் கதை! ஐயோ ஆண்டவரே, மர்ஸூக்குக்கு டீ மூக்கால வந்திட்டு. என்ன மனிசன் தம்பி அவர்! ஆனா ஒண்டும் சொல்லேலாது, வெள்ளவத்தை ஆக்கள் அப்பிடித்தான்.”

டெனிஷா மெல்லத் தலையைத் திருப்பினாள். மேசையில் கொம்பியூட்டர். அதன் மேல் நீலக்கோடு போட்ட அந்தத் துவாய், சுருக்கமில்லாமல், நாலு மூலையும் இழுத்துவிட்டபடி.

போனை எடுத்து எழுதினாள்: “நன்றி அங்கிள். என்ன கார்ட் பாக்கிறீங்க அங்கிள்?”

டிங்.

“இதென்ன தம்பி, திடீரெண்டு அங்கிள்? மச்சானெண்டே சொல்லுங்க. கேக்க வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு.”

“சரி மச்சான்,” என்று எழுதினாள் நோபேட்டின் ஒரே மகள்.

குசினியிலிருந்து மம்மியின் குரல் வந்தது. மம்மி பிறிஜெற் அங்கே கட்லட் பொரித்துக்கொண்டிருந்தாள். “இவ்வளவு நேரமா ஆரோட கதைக்கிறீங்க?”

“ஒரு தம்பியோட. கொம்பியூட்டர் தம்பி.”

“அதுக்கு டெனிஷாவக் கேட்டா என்ன?”

“உஷ்! அவளுக்குத் தெரியாமச் செய்யிறது. மெதுவாக் கதையும்!”

‘மெதுவாக் கதையும்’ என்பது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அந்த வீட்டில் இரகசியம் என்றால் இப்படித்தான். மறைப்பு அரை அங்குல பிளைவூட். ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்கும், கேட்டவர் கேட்காதவர் மாதிரி இருந்துவிட வேண்டும். கிறிஸ்மஸுக்கு யாருக்கு என்ன உடுப்பு என்பதை மூன்று பேரும் கேட்டுவிட்டு, பார்சலைப் பிரிக்கும்போது மூன்று பேரும் ஆச்சரியப்படுவார்கள்.

அடுத்த வொய்ஸ் வந்தது. மர்ஸூக்கின் மருமகன் ஷாமிலிடம் ஒரு பழைய கார்ட் இருக்கிறதாம். மூன்று ஃபேன். யார்ட்டுக்கே கொண்டுவந்து காட்டினானாம்.

“தராசில வைச்சுப் பாத்தன் தம்பி. ஒண்டரைக் கிலோவுக்கு மேல. இவ்வளவு பாரம் எண்டா சாமான் நல்லதாத்தானே இருக்கும்? வேற புதுசு எண்டாலும் சொல்லுங்க. சல்லியப் பத்தி யோசிக்க வேணாம். நல்லதாச் சொல்லுங்க.”

சல்லியைப் பற்றி யோசிக்க வேண்டாமாம். குளியலறை லைட்டை உள்ளே ஆள் இருக்கும்போதே அணைக்கும் மனிதர். டெனிஷாவின் விரல், அவளைக் கேட்காமலே, கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் பல தடவை பார்த்த பெரிய புதுக் கார்ட்டின் பெயரை எழுதிவிட்டது. அனுப்பினால் போதும். நாளைக்கே வாங்கிவிடுவார், மச்சான் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. அனுப்பும் பட்டனுக்கு மேலே விரல் நின்றது. அந்தப் பக்கம் டாடி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி பதிலுக்குக் காத்திருந்தார். ஒவ்வொரு எழுத்தாக அவள் அழித்தாள். அந்தக் கார்டைப் பொருத்தினாலும் அவளுடைய பழைய மொனிற்றர் அதில் பாதியைக்கூடக் காட்டாது என்பதும் ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

“பாரத்தப் பாத்து வாங்க இதென்ன பலாப்பழமா மச்சான்?” என்று எழுதினாள். பயத்திலும் மச்சானின் வாய் மச்சானின் வாய்தான். “அந்தப் பழசு வேணாம். இரவு பகலாக் கிரிப்டோக் காசு தோண்டிக் களைச்ச கார்டாத்தான் இருக்கும். மொனிற்றர் பழசா புதுசா? பவர் சப்ளையில எத்தினை வொட் எண்டு இருக்கு? கேஸுக்குள்ள எவ்வளவு நீளம் இடமிருக்கு?”

தன்னுடைய கொம்பியூட்டரைப் பற்றித் தானே விசாரிக்க வேண்டிய நிலை. பதில்கள் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் மச்சானுக்குத் தெரியக்கூடாதே. அனுப்பிய பிறகுதான் யோசித்தாள்: கேஸ் இருப்பது இந்த அறையில். அளப்பதற்கு டாடி எங்கே வருவார்?

திரைச்சேலை விலகியது. கையில் அளவு நாடாவோடு டாடி நின்றார்.

போனைத் தலையணைக்குக் கீழே தள்ளி அவள் எழும்பி உட்கார்ந்தாள். “என்ன டாடி?”

“ஒண்டுமில்ல மகள். நீ படு. மம்மி இந்த மேசைக்கு ஒரு விரிப்புத் தைக்கப் போறாவாம்.”

“நானா?” என்றது குசினி.

நோபேட் கேட்காதவராக மேசையின் நீளத்தை அளந்தார். அகலத்தையும் ஒரு நியாயத்துக்காக அளந்தார். பிறகு, தற்செயலாகக் கை பட்டது போல, நாடா கேஸுக்கு மேலே ஏறியது. முன்பக்கத் தகட்டிலிருந்து பின்பக்கத் தகடு வரைக்கும் பிடித்து, “நாப்பத்தி மூண்டு சென்ரிமீற்றர்” என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டார்.

வெளியே அளக்கிறார்! நாற்பத்து மூன்று என்று போய்ச் சொன்னால் எந்தக் கடைக்காரனும் முழ நீளக் கார்டைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுவான். மச்சானுக்குள் இருந்த கொம்பியூட்டர்காரி இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“உள்ளுக்க அளக்கோணும் டாடி. முன்னுக்கு இருக்கிற ஃபேனையும் கழிச்சாத்தான் சரியான–”

நாக்கைக் கடித்தாள். நேரம் கடந்துவிட்டது.

நோபேட் நாடாவை இறக்கினார்.

“மேசை விரிப்புக்கோ?” என்று கேட்டார்.

“ஓம்,” என்றாள் டெனிஷா. “மேசை விரிப்புக்குத்தான்.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் சுவர்க் கலண்டரைப் பார்த்தாள். பிறகு அவர் துவாயை எடுத்து இரண்டாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, “கழட்டு பாப்பம்,” என்றார்.

இரண்டு திருகாணியையும் அவள் கழற்றினாள். போன் டோர்ச்சைப் பிடிக்கத் தலையணைக்குக் கீழே கையை விட்டவள், திரையில் மஞ்சள் றோஸா திறந்தபடி கிடப்பது நினைவு வந்து கையை வெளியே எடுத்தாள். டோர்ச் இல்லாமலே, யன்னலால் வந்த மங்கல் வெளிச்சத்தில் நோபேட் குனிந்து, ஒரு கண்ணை மூடி உள்ளே அளந்தார்.

“இருபத்தாறு.”

“ம்.”

“நல்ல பெரிய விரிப்புத்தான்,” என்று சொல்லிவிட்டுப் போனார். துவாய் அவர் தோளிலேயே போனது.

டெனிஷா போனை எடுத்துச் சத்தத்தையும் அதிர்வையும் நிறுத்தினாள். மறைப்புக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. செருமல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இந்த முறை அவர் டைப் பண்ணினார்.

“26.”

அவள் ஒரே மூச்சில் எழுதினாள். ரெண்டு ஃபேன் போதும் மச்சான், எட்டு ஜிபி இருக்கோணும், நீளம் இருபத்திநாலுக்கு மேல வேணாம், பவர் சப்ளையில ஒரு வயர்தான் மிச்சமிருக்கும், ஒரு வயர் மட்டும் குத்திற கார்டாப் பாருங்க, வொறண்டி மூண்டு வருசம் எழுத்தில வாங்குங்க, மர்ஸூக் நானாக்குக் கோவம் வராமச் சொல்லிவிடுங்க. அனுப்பிய பிறகு திரும்ப வாசித்தாள். பவர் சப்ளையில் எத்தனை வயர் மிச்சம் என்று டாடி இன்னும் மச்சானுக்குச் சொல்லவே இல்லை. எத்தனை வொட் என்ற கேள்விக்கே பதில் வரவில்லை. அழிக்கப் போனாள்.

டிங்.

பதில் வந்தது, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எழுதிய தமிழில்.

“சரி. இத வாங்கினா பிள்ள சந்தோசப்படுவாளா?”

“படுவா மச்சான்.”

“மம்மிக்கும் சொல்லாமத்தான் வைச்சிருக்கிறன் எத்தின ரூபா எண்டு.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் தலையணையில் அமுக்கினாள். அந்த மறைப்பு மூக்கை உறிஞ்சினாலும் சொல்லிக்கொடுத்துவிடும்.

திரையில் மூன்று புள்ளிகள் துள்ளத் தொடங்கின. நின்றன. திரும்பவும் துள்ளின. குசினியில் மம்மி அடுப்பை அணைத்துவிட்டாள். வீடு முழுக்கக் காது கொடுத்துக் கேட்பது போல இருந்தது.

மெசேஜ் வந்தது.

“தம்பி கோவிக்க வேணாம், ஒரு கேள்வி. நீங்க எழுதிற இந்தக் கதையெல்லாம் உங்கட டாடி வாசிக்கிறவரோ?”