பெரிய பாதி

கிழிந்த நோட்டோடு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, "என்னைத் திட்டாதீங்க" என்பதுதான். எங்கள் பழைய நாணயமான குரோன் இருந்த காலத்தில் எங்கள் மத்திய வங்கி தனிக்காட்டு ராஜா. யூரோ வந்தபின் எல்லா நாட்டாரும் ஃபிராங்க்பர்ட்டில் கூடி விதிகளை முடிவெடுக்கிறார்கள்; எங்கள் ஆளும் போய் உட்கார்கிறார். நோட்டை அளக்கிற வேலை மட்டும் இன்னமும் இங்கே, எங்கள் தலைநகர் தாலினில், என் மேசையில்.

முஹு தீவிலிருந்து வந்த மைமு நோட்டுத் துண்டை நீட்டினாள். ஐம்பது யூரோ. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"பாதிக்குக் கம்மியா இருக்கே அக்கா. மிச்சம் எங்க?"

"பெரிய பாதி எங்க வீட்டுக்காரர்கிட்ட. கடலுக்குப் போறப்பல்லாம் ஒரு நோட்டக் கிழிச்சு எடுத்துட்டுப் போவாரு. திரும்பி வந்து ஒட்டுவாரு. படகு முழுகி எட்டு வருஷமாச்சு. ஆளும் கிடைக்கல, நோட்டும் கிடைக்கல."

"இப்ப ஏன் கொண்டுவந்தீங்க?"

"ஒரு வாரமா விடியறப்ப நனைஞ்சு கிடக்குடி. அடுப்பு மேல காயவெச்சாலும் நனையுது. போதும். காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போச்சு."

"அப்ப பணம் வேணும்னா மிச்சப் பாதி அழிஞ்சுபோச்சுன்னு இதுல கையெழுத்துப் போடணும்."

"அவரு போயிட்டாருன்னு போடச் சொல்ற."

"நோட்டைப் பத்தித்தான்க்கா."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்." பேனாவை எடுத்தாள்.

நோட்டின் எண்ணைக் கணினியில் பதிந்துகொண்டிருந்த அடுத்த மேசைத் தர்மோ, "ஹெல்வே, நிறுத்து!" என்றான். "காலையில பின்லாந்து வங்கி அனுப்பிச்சாங்களே, அதே நம்பர்!"

நேற்று ஹெல்சிங்கியில் ஒருவர் இதே நோட்டின் பெரிய பாதியைக் கொடுத்திருக்கிறார். பாதிக்கு மேல் இருந்தால் யூரோ புழங்கும் எந்த நாட்டிலும் முழுப் பணம் உண்டு. ஆனால் அவர் பணத்துக்கு நிற்கவில்லையாம். விண்ணப்பத்தில் முஹு முகவரி இருந்ததால் எங்களுக்கு நகல் அனுப்பியிருந்தார்கள். மீதித் துண்டு எங்கே என்ற கேள்விக்கு எதிரே, 'வீட்டில், மனைவியிடம்.' மை பரவியிருந்தது.

மைமு அந்த நகலை வாங்கிப் பார்த்தாள்.

"அவரு கிறுக்கல்தான்." குரல் இறங்கிவிட்டது. "எட்டு வருஷம் தண்ணிக்குள்ள கிடந்தவருக்குக் கதவத் திறக்கலாமாடி?"

"எவனோ ஏமாத்துறான். போலீஸ்ல சொல்லிடலாம்" என்றான் தர்மோ.

"நீ சும்மா இருப்பா. நான் வாசக்கதவுல துடைப்பத்தச் சாத்திட்டு வந்திருக்கேன். அதப் பாத்தா வீட்டுல ஆளில்லன்னு வெளியவே நிப்பாரு. இந்தக் குளிர்ல."

கையெழுத்துப் போடவில்லை. துண்டைப் பறித்துக்கொண்டு ஓடினாள். மேசையில் தேங்கியிருந்த தண்ணீரைத் துடைத்தேன். விரலில் உப்பு பிசுபிசுத்தது.

மறுநாள் போன் செய்தேன்.

"துடைப்பத்த எடுத்தீங்களா அக்கா?"

"நான் எடுக்கல. வந்து பாக்கறப்பவே உள்ள இருந்துச்சு."

"அக்கா?"

"வெச்சிரு ஹெல்வே. மூணாவது சட்டி சூப்பு கொதிக்குது. எவ்வளவு ஊத்தினாலும் இவருக்குச் சூடே ஏற மாட்டேங்குது."