பசியில்லை என்றவள்

12 டிசம்பர் 2024, வியாழக்கிழமை. புதூர்நாட்டில் விடிந்ததிலிருந்து தூறல். எதிரிலிருக்கும் குன்று கண்ணுக்குத் தெரியவில்லை.

1

இக்கதை என் மகள் காவியா சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அதனை உரிய இடத்தில் தருவேன். இப்போதே தந்தால், குற்றம் எவருடையது என்பது முதற்பத்தியிலேயே விளங்கிவிடும். கதையில் வரும் திரௌபதி நானே. ஆயினும் அவளைப் படர்க்கையிலேயே எழுதுகிறேன். பிறர் குற்றத்தைக் காண்பது எளிது. பத்தாம் வகுப்புத் தேர்வை நாற்பத்தோராம் வயதில் எழுதித் தேறியவள் நான். ஆதலால் எழுதும் நாளின் தேதியும் வானிலையும் மேலே முறைப்படி தரப்பட்டுள்ளன.

2

முதல் தொடக்கம்: "எழில் கொஞ்சும் ஜவ்வாது மலையின் மடியில் ஒரு வெளிநாட்டு மாணவி—"

[அடித்துவிட்டேன். விறகு சுமந்து ஏறுபவர்க்கு மலையில் மடி தென்படாது.]

இரண்டாம் தொடக்கம்: மார்த்தா போலந்து நாட்டினள், வயது இருபத்தொன்று. வேலூரில் ஒரு கல்லூரியில் ஒரு பருவம் மட்டும் பயில வந்தவள். சாமைப் பயிரைக் குறித்து ஆய்வு செய்யும்பொருட்டுப் பத்து வாரங்களாகத் திரௌபதியின் வீட்டில் தங்கியிருந்தாள். சனிக்கிழமை காலையில் பெங்களூர் வழியாக அவள் ஊர் திரும்பவேண்டும்.

வேளைதோறும் முன்னறையில் அவளுக்கு மட்டும் தட்டு வைக்கப்படும். திரௌபதி அருகில் நின்று பரிமாறுவாள். கணவர் சின்னதம்பி, அந்தப் பெண் கூச்சமின்றி உண்ணட்டும் என்று வெளியே சென்றுவிடுவார். அவள் கைகழுவிய பின்னரே வீட்டார் உள்ளே வட்டமாக உட்காருவர். அங்கிருந்து சிரிப்பு கேட்கும். சோற்றில் கல் கிடந்ததற்குக் காவியா திட்டு வாங்குவது கேட்கும். அந்தத் திட்டின்மீதுகூட மார்த்தாவுக்குப் பொறாமை. பத்து வாரங்களில் அவளை ஒருவரும் திட்டவில்லை.*

* பொறாமை என்பதற்கு ஆதாரம் உண்டா? உண்டு. "எனக்கும் திட்டு வேண்டும்" என்று அவள் ஒருமுறை காவியாவிடம் கேட்டாள். அதைக் கேட்டு நானும் சிரித்தேன்.

3

போவதற்குள் ஒருவேளையாவது அவர்களோடு உட்கார்ந்து உண்ணவேண்டும். மார்த்தாவின் ஆசை இவ்வளவே. முன்பே ஒருநாள் கேட்டுப் பார்த்திருந்தாள்.

"அக்கா, நீங்களும் உட்காருங்கள்."

"ஐய, இன்னா பேச்சு இது. வூட்டுக்கு வந்தவங்க நீங்க. மொதல்ல துன்னுங்க, நாங்க அப்பால துன்றோம்."

ஆகவே வெள்ளிக்கிழமை நண்பகலில் வேறு வழி கண்டாள். "எனக்குப் பசியில்லை. நீங்கள் சாப்பிடுங்கள்" என்றாள். அவர்கள் உட்கார்ந்ததும், பசி வந்துவிட்டதாகச் சொல்லித் தட்டோடு உள்ளே போய்விடலாம் என்பது அவள் திட்டம்.

முன்னறையில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். உள்ளே தட்டுச் சத்தமே எழவில்லை. இரண்டு மணிக்குத் திரௌபதி சுக்குக் கஷாயம் கொண்டுவந்தாள். மூன்று மணிக்குக் கொல்லைப்புறத்தில் சின்னதம்பியின் குரல் கேட்டது.

"இன்னும் துன்னலியா அந்தப் பொண்ணு?"

"இல்ல. கம்முனு போய் மாட்டப் பாரு மாமா."

"மாட்டுக்கு ரெண்டு தபா தண்ணி காட்டிட்டேன். அதுக்கே போதும்னு ஆயிட்ச்சி."

மூன்றரைக்குக் காவியா முன்னறைக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அக்கா, ரெண்டு வாயாவது துன்னுங்க. நீங்க துன்னாதான் எங்களுக்குச் சோறு. கண்ணு இருட்டுது."

தன் பொருட்டு ஒரு வீடே பட்டினி கிடந்தது என்பதை அறிந்த மார்த்தா, தான் எதற்காகப் பசியை மறைத்தாள் என்பதைக் காவியாவிடம் மெல்லச் சொன்னாள். பிறகு உண்டாள், தனியே, தலைநிமிராமல், வேகமாக. "இன்னும் கொஞ்சம்" என்று திரௌபதி குழம்பு ஊற்றினாள்.

[இவ்விடத்தில் மார்த்தாவின் கண்ணீர் தட்டில் விழுந்ததாக ஒரு வாக்கியம்— இல்லை. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அப்போதே புரிந்திருக்கும்.]

நான்கு மணிக்கு உண்ட காரணத்தால் அன்றிரவு ஒருவருக்கும் பசியில்லை. அடுப்பு மூட்டப்படவில்லை. பாத்திரம் துலக்கும்போது, மார்த்தாவின் திட்டத்தைச் சொல்லிவிட்டுக் காவியா கூறிய வாக்கியம் இது:

"பத்து வாரமா அந்தக்காவ ஒண்டியா துன்ன வெச்சது நீதாம்மா."



4

முதல் முடிவு: சனிக்கிழமை அதிகாலையில் திரௌபதி பொங்கல் வைத்து, நால்வருக்கும் வட்டமாகத் தட்டு—

[பொய். திருப்பத்தூருக்கு ஆள் ஏற்றும் ராஜாக்கண்ணுவின் ஜீப் ஐந்தரைக்கே வந்து நின்றது. உலை வைக்க நேரமில்லை.]

நடந்தது வேறு. மார்த்தாவின் பையை ஏற்றிவிட்டுத் திரௌபதியும் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

"உனக்கு இன்னாக்கா வேல திருப்பத்தூர்ல?" என்றான் ராஜாக்கண்ணு.

"கீது."

"இன்னா வேல?"

"வண்டிய ஓட்டுயா."

திருப்பத்தூர்ப் பேருந்து நிலையத்தின் எதிரே ஓர் ஓட்டல். ஒரே மேசையில் இருவருக்கும் இட்லி வந்தது. அங்கே திரௌபதி வீட்டுக்காரி அல்லள். மார்த்தாவும் வீட்டுக்கு வந்தவள் அல்லள். பத்து வாரங்களில் முதன்முறையாக எதிரெதிரே அமர்ந்தனர்.

"சாப்டுங்க" என்றாள் திரௌபதி.

"நீங்கள் சாப்பிடுங்கள்" என்றாள் மார்த்தா.

திரௌபதி கையை மேசைமேல் வைத்தாள். அது தட்டுவரை போகவில்லை, பழக்கம் அத்தகையது. மார்த்தாவும் தொடவில்லை. சாம்பார் ஆறியது.

"இன்னாமா, இட்லி நல்லா இல்லியா?" என்று பரிமாறுபவர் கேட்டுவிட்டுப் போனார். வெளியே நடத்துநர், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர் என்று கூவத் தொடங்கினார்.

முதல் வாய் எவருடையது? மார்த்தா எடுத்தாள் என்று எழுதினேன். அவள் கடைசிவரை விருந்தாளியாகவே போய்விட்டாள். திரௌபதி எடுத்தாள் என்று எழுதினேன். என்னை நானே மன்னித்துக்கொண்டது போலாயிற்று. இருவரும் ஒருசேர எடுத்தனர் என்றும் எழுதினேன். அதைக் காவியா நம்பமாட்டாள். ஆதலின் அவ்வரியை வெறுமையாக விடுகிறேன். வாசகர் நிரப்பிக்கொள்க.

………………………………

பேருந்து புறப்பட்டபோது மணி ஏழு ஐம்பது.