ஆழம் காட்டும் பெட்டி

கரையேற்றி மரக்கட்டைகளின் மேல் நிறுத்தியிருந்த படகின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மோட்டார் விசிறியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள் சுக்கான். விசிறியின் இதழ்களில் ஒன்று, யாரோ கடித்துத் துப்பியது போல் நுனி பிய்ந்திருந்தது. இன்னொன்று வளைந்து போயிருந்தது. வளைந்ததைத் தட்டி நிமிர்த்தியாகிவிட்டது. பிய்ந்ததற்கு வைத்தியம் கிடையாது. புதிது வரும்வரை பிசிர் எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான். முழங்கை வரைக்கும் அலுமினியத் தூள் ஒட்டி வெயிலில் மினுங்கியது.

அவளுடைய பெயர் வேறு. படகு ஓட்டும் சக்கரத்தைப் பிடித்தால் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று யாரோ கேலியாகச் சொல்லப்போய், படகுத்துறை முழுக்க அவள் சுக்கான் ஆகிவிட்டாள். வார நாட்களில் படகைக் கழுவுவாள், எண்ணெய் மாற்றுவாள், கயிறுகளைப் பார்ப்பாள். விடுமுறை நாட்களில் படகின் சொந்தக்காரரையும் அவர் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, ஆறு கடலில் சேரும் இடத்துக்குத் தூண்டில் போடக் கூட்டிப்போவாள். சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர்.

டாக்டர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நடந்து வந்தார். விசிறியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நாம இப்படிப் போய் இடிச்சிருக்கக் கூடாது."

"நாம இல்ல டாக்டர். நீங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். கோபப்படத் தெரியாத மனுஷர். போன விடுமுறையில், "கொஞ்ச நேரம் நான் ஓட்டுறேனே" என்று சக்கரத்தை வாங்கியவர், நீருக்கடியில் நீட்டிப் படுத்திருந்த பாறை மேல் படகை ஏற்றிவிட்டார். முன்கம்பியில் முகம் மோதி அவர் மகளுக்கு முன்பல் பாதி உடைந்தது. பல் டாக்டர் வீட்டுப் பல்லே போச்சு என்று துறையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுக்கானுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளையின் வாயில் துண்டை வைத்து ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் படகைக் கரைசேர்த்தவள் அவள்.

"பாப்பாவுக்கு வலி குறைஞ்சுதா?"

"குறைஞ்சிருச்சு. கட்டுப்பல் வெச்சாச்சு. படகுன்னாதான் கொஞ்சம் பயப்படுறா."

சுக்கான் அரத்தைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. படகுல ஆழம் பாக்குற பெட்டி ஒண்ணு மாட்டணும். அது இல்லாம பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு இனிமே நான் வரமாட்டேன்."

"அதுல மீன்கூடத் தெரியுமாமே?"

"தெரியும். எனக்குக் கல்லு தெரிஞ்சாப் போதும்."

டாக்டர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். "அப்ப நீங்களே பாத்து எடுங்க. எனக்கு அதுல தலையும் புரியாது, வாலும் புரியாது. எது நல்லதோ அது."

எது நல்லதோ அது. அந்த வார்த்தை அவளுக்கு இனித்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் படகுக்கு ஒரு கயிறு வாங்கினால்கூட டாக்டரின் மச்சான்தான் போய் வாங்கி வருவார். அதுவும் பெரும்பாலும் தப்பான கயிறாக இருக்கும்.

படகுச் சாமான் கடையில் அவளுடைய கொழுந்தன் வேலை பார்த்தான். கருவிகளைப் படகில் மாட்டிக் கொடுப்பவன் அவன்தான். அண்ணியைப் பார்த்ததும் மேசை மேல் பெட்டிகளை வரிசையாக எடுத்து வைத்தான். வெளியே சொல்லாவிட்டாலும் அவனுக்கும் பெருமைதான்.

"இது ஆழ்கடலுக்குப் போறவங்க வாங்குறது அண்ணி. எவ்வளவு ஆழமா இருந்தாலும் அடியில கிடக்கிறதைப் படம் போட்டுக் காட்டிரும்."

"நாங்க போற இடத்துல ஆழமே கெடையாது. வாளித் தண்ணில குளிக்கிறவளுக்குக் கப்பலை விக்கப் பாக்குறியே."

அவன் சிரித்துக்கொண்டே அதை ஓரம் தள்ளினான். அடுத்ததைச் சுக்கான் கையிலெடுத்து, மின்கம்பியோடு வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெயிலில் பிடித்தாள். பிறகு படகில் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். சாய்த்ததும் திரை இருண்டு போனது.

"இது கடைக்குள்ள வெச்சுப் பாக்கத்தான் லாயக்கு."

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று சின்னது, ஒன்று பெரியது; மற்றபடி பார்க்க அண்ணன் தம்பி மாதிரி ஒரே அச்சு. திரை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. நீருக்குள் ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்து ஆழத்தைக் கணக்கிடும் சென்சாரும் ஒன்றேதான். கடைக்காரர்கள் அதை முட்டை என்பார்கள். படகின் பின்பலகையில், நீர்மட்டத்துக்குக் கீழே மாட்டுவது.

"ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?"

கொழுந்தன், கடை முதலாளி உட்கார்ந்திருக்கும் கண்ணாடி அறையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

"இந்தச் சின்னது, இப்ப நம்ம அடியில என்ன இருக்குன்னு மட்டும் சொல்லும். பெரியது, போன வழியையும் ஞாபகம் வெச்சுக்கும். நீங்க ஒரு தடவை ஓட்டிட்டுப் போனாப் போதும், திரையில கோடா விழுந்துரும். எங்க கல்லு, எங்க மீனுன்னு புள்ளி வெச்சுட்டா, கிட்டப் போறப்பவே கத்தும். அப்புறம் அந்தக் கோட்டு மேலயே போயிட்டு வந்துரலாம்."

"நல்லதுதானே?"

"யாரு வேணாலும் போயிட்டு வந்துரலாம்னு சொல்றேன் அண்ணி."

சுக்கான் சின்னப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முட்டை இருப்பது படகின் பின்னால். பாறை நிற்பது படகின் முன்னால். அந்தப் பாறையின் விளிம்பு சரிவாக ஏறி வராது, சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். முட்டை அதைப் பார்த்துச் சொல்வதற்குள் முன்கம்பியில் இன்னொரு பல் போயிருக்கும்.

"நாளைக்கு வந்து சொல்றேன்" என்று கிளம்பினாள்.

வீட்டில் புருஷன் தையல் மிஷினில் ஒரு சட்டைக் காலரைத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தான். அவள் சொல்லச் சொல்ல மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டான். நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"பேசாம சின்னதையே வாங்கிட்டுப் போயேன். அவரு வந்து பிரிச்சா பாக்கப் போறாரு?"

"கல்லு மேல ஏறுனப்புறம் கல்லு இருக்குன்னு சொல்ற பெட்டி எதுக்குங்க?"

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். அந்தப் பெட்டிக்கு வாய் கெடையாது, உனக்கு இருக்கு. ரெண்டுல எதை வெச்சுக்குவாங்க?"

"பெட்டிக்குக் கையும் கெடையாது. கயிறு கட்டுமா? சிக்குன தூண்டிலை எடுக்குமா? அலை தூக்குறப்ப மோட்டாரைக் குறைக்குமா? மீன் இருக்கிற இடத்தைக் காட்டிட்டா மீன் வந்து மடியில உக்காந்துருமா?" சாப்பாட்டுத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "என்னை அவருக்குத் தெரியும். சும்மா பயப்படாதீங்க."

"உன்கிட்டப் பேசி யாரு ஜெயிச்சா?" என்று அவன் கை கழுவப் போனான்.

மறுநாள் அவள் பெரிய பெட்டியையே எடுத்தாள்.

மாட்டுகிற வேலையில் கொழுந்தனுக்குச் சரிபாதி அவளும் செய்தாள். விசிறி கிளப்பும் நுரை பட்டால் முட்டைக்குக் கண் தெரியாது என்பதால், பின்பலகையில் அதற்கான இடத்தைத் தேடித் தேடி அவளே குறித்தாள். துளை போட்ட இடத்தில் பசையை வழித்து அப்பி, விரலால் ஒற்றிப் பார்த்தாள். மின்கம்பியை மோட்டார் கம்பியோடு சேர்க்காமல் படகின் மறுபக்கமாகக் கொண்டுவந்தாள்.

சோதனை ஓட்டத்துக்கு அவர்கள் இருவரும்தான் போனார்கள். காலை வெயில் தண்ணீரில் சரிந்து கிடந்தது. சேறான அடி திரையில் மெல்லிய கோடாகவும், கெட்டியான அடி தடித்த பட்டையாகவும் ஓடியது. துறையிலிருந்து மணல்மேடுகளுக்கு நடுவே நுழைந்து, பாறையைச் சுற்றிக்கொண்டு, மீன் கூடும் பள்ளங்கள் ஒவ்வொன்றிலும் நின்று நின்று போனாள். பாறைக்கு வந்ததும் கொழுந்தன் கேட்டான்.

"இதுக்கு என்ன பேரு போடட்டும்?"

"மாமியார் முதுகுன்னு போடு."

"எங்கம்மா காதுல விழுந்தா உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க."

"விழட்டும். எப்பப் பாரு ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு வழியை மறிக்குதுல்ல."

ஒரு பள்ளத்தின் மேல் போகும்போது திரையில் கவிழ்த்த பிறை போல் வளைவுகள் வந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, கூட்டமாக. எந்த வளைவு மீன் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டுத் தூண்டிலை இறக்கினாள். நூல் விண்ணென்று இழுத்தது. கொழுந்தன் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினான். அவளுக்கும் சிரிப்பு பொங்கியது. பிறந்ததிலிருந்து மேலே நின்று ஊகித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டை, முதல்முறையாகக் கதவு திறந்து எட்டிப் பார்த்தது போல் இருந்தது.

அதற்கப்புறம் படகு எதிலும் இடிக்கவில்லை. டாக்டரின் மகளுக்குப் பயம் விட்டுப்போனது. பெட்டி கத்தினால், "மாமியார் முதுகு வந்துருச்சு!" என்று அவளும் கூடக் கத்துவாள். டாக்டர் சுக்கானின் பக்கத்தில் நின்று ஓட்டக் கற்றுக்கொண்டார். அலையை நேராக எதிர்க்காமல் கொஞ்சம் ஒடித்து ஏறுவது, கரைக்கு வரும்போது எங்கே வேகத்தை விடுவது, கயிற்றில் எந்த முடிச்சு இறுகும், எது நழுவும் என்று எல்லாவற்றையும் அவள் சொல்லிக்கொடுத்தாள். கேட்டுக் கேட்டு, கேட்டதை மறக்காமல் செய்தார் மனுஷர். டாக்டரின் மச்சானுக்கும் தூண்டில் சிக்கெடுக்கக் கை பழகிவிட்டது.

மழைக்காலம் முடிந்து படகைத் திரும்ப நீரில் இறக்கிய அன்று, டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அன்றும் செருப்பைக் கையில்தான் வைத்திருந்தார்.

"உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் பத்தாது. நீங்க எடுத்த பெட்டி, நீங்க சொல்லிக்கொடுத்த விதம்... இப்ப நானும் மச்சானுமே போயிட்டு வந்துர்றோம்."

"நல்லா ஓட்டுறீங்க டாக்டர்."

"அதான். அதனால இனிமே..." அவர் வார்த்தை தேடினார். "நீங்க விடுமுறை நாளெல்லாம் குடும்பத்தை விட்டுட்டு வர்றீங்களேன்னு வீட்லயும் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருந்தாங்க."

சுக்கானுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு படகுச் சாவியைக் கயிற்றிலிருந்து கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"மோட்டார் எண்ணெய் புதுசா மாத்தியிருக்கேன். முட்டைல பாசி பிடிச்சா மெத்துன்னு ஒரு துணியால துடைங்க. சுரண்டிறாதீங்க."

"ஏதாவது உதவின்னா தயங்காமக் கேளுங்க. பல்லு சம்பந்தமா வீட்ல யாருக்கு எதுன்னாலும்..."

"எங்க எல்லாருக்கும் பல்லு நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்றாள்.

வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் நடந்ததைச் சொன்னாள். சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை அவன். மிஷினை மூடிவிட்டு அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தான். அதைக் கையில் வாங்கியபோதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

ஆனால் உட்கார்ந்து அழுகிறவள் இல்லை. துறையில் வேறு படகு தேடினாள். அப்போதுதான் தெரிந்தது, அங்கே இருந்த படகுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவளைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். "டாக்டர் படகுக்குப் பெட்டி பாத்துக் கொடுத்தது நீங்கதானாமே? எங்களுக்கும் ஒண்ணு எடுத்துக் குடுங்களேன். ஒரே ஒரு நாள் கூட வந்து வழியையும் ஏத்தி விட்டுருங்க." கொழுந்தனின் கடையில் அந்தப் பெட்டி வந்த வேகத்திலேயே விற்றுத் தீர்ந்தது. சுக்கானுக்கு ஆளுக்கு ஒரு நாள் வேலை கிடைத்தது. எந்தப் படகிலும் இரண்டாம் நாள் கிடைக்கவில்லை.

பெயின்ட் கடைக்காரர் புதுப் படகு வாங்கியிருந்தார். நல்ல வெயில் நாளில் அவரோடு போனாள். சக்கரம் அவள் கையில் இருந்தது. பெயின்ட் கடைக்காரர் பக்கத்தில் நின்று, அவள் திரும்பும் இடம் ஒவ்வொன்றிலும் பெட்டியின் பொத்தானை ஆர்வத்தோடு அழுத்திக்கொண்டே வந்தார்.

"இந்தச் சுத்து இன்னைக்கே முடிஞ்சிரும்ல? மறுபடி உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம் பாருங்க."

"முடிஞ்சிரும்."

மணல்மேடுகளைத் தாண்டியதும் டாக்டரின் படகு பின்னாலிருந்து வந்து அவர்களைக் கடந்து போனது. டாக்டர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றிருந்தார். மகள் முன்கம்பியில் சாய்ந்துகொண்டு, வாய் நிறையச் சிரித்துக் கையாட்டினாள். சுக்கானும் கையாட்டினாள்.

நேராகப் போய்க்கொண்டிருந்த அந்தப் படகு, விரிந்து கிடந்த தெளிந்த நீருக்கு நடுவே திடீரென்று வலப்பக்கம் ஒடித்தது. அரைவட்டம் போட்டுச் சுற்றி, பழைய திசைக்கு வந்து, மறுபடி நேராகப் போனது.

"அங்க என்ன, கல்லா?" என்றார் பெயின்ட் கடைக்காரர், பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு.

"இல்ல. ஒண்ணும் இல்ல."

கொழுந்தனோடு சோதனை ஓட்டம் போன காலையில் அந்த இடத்தில் யாரோ வலை விரித்திருந்தார்கள். அது விசிறியில் மாட்டி அறுந்துவிடக் கூடாதென்று அவள் சுற்றிக்கொண்டு போயிருந்தாள். வலைக்காரன் அன்று மதியமே அதை எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

டாக்டரின் படகு தொலைவில் சின்னதாகிவிட்டது. அது சுற்றிப்போன இடத்தில், வெறும் தண்ணீரின் மேல், வெள்ளை நுரை அரைவட்டமாகக் கொஞ்ச நேரம் கிடந்தது.