உதடு அசையாமல்

மடிக்கணினியைச் சுழற்றி நான்கு சுவர்களையும் மேசைக்கு அடியையும் காட்டி, கையில் எதுவும் எழுதியிருக்கவில்லை என்று முழங்கைவரை திருப்பிக் காட்டியபிறகுதான் இணையவழி நுழைவுத்தேர்வின் கேள்விகள் திறந்தன. வீட்டில் சத்தமே இருக்கக் கூடாதென்று கணவர் காலையிலேயே பிள்ளைகளைத் தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தார். பத்தொன்பது வருஷமாக நீதிமன்றத்தில் அவள் மற்றவர்களின் தீர்ப்பைத் தட்டச்சு செய்கிறாள். மாலைநேரச் சட்டக் கல்லூரியில் சேர அவளுக்கு வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது.

நான்காவது கேள்வியில் காதுக்குள் ஓர் இளைஞனின் குரல் வந்தது. எங்கோ உட்கார்ந்து அவளைக் கண்காணிப்பவன். "மேடம், உதடு அசையுது. யார்கிட்டயாவது பேசுறீங்களா?"

இல்லை என்றாள். நீதிபதி சொல்வதை வாய்க்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துத்தான் அவள் விரல் தட்டும். அலுவலகத்தில் அவளுக்கு 'முணுமுணுப்பு அக்கா' என்றே பெயர். இப்போது உதட்டை இறுக்கிக்கொண்டு படித்தாள். சொற்கள் கண்ணோடு நின்றுவிட்டன, தலைக்குள் இறங்க மறுத்தன. வாடகை வீட்டைக் காலி செய்யும் வழக்கு. இதுபோல் ஆயிரம் தட்டியிருப்பாள். மூன்று முறை படித்தும் யார் வீட்டுக்காரர், யார் குடியிருப்பவர் என்று பிடிபடவில்லை. கையால் வாயைப் பொத்தினாள். முகத்தை மறைக்கக் கூடாது என்றான். உள்ளுதட்டைக் கடித்தாள். உப்புக் கரித்தது. அப்படியும் அசைந்துவிட்டது போலும். திரை உறைந்தது.

"இது மூணாவது தடவை மேடம். தேர்வை நிறுத்த வேண்டியிருக்கும்."

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "எந்த விதியில இருக்கு தம்பி? படிச்சுக் காட்டுங்க."

கொஞ்ச நேரம் தேடிவிட்டுப் படித்தான். "தேர்வு எழுதுபவர் வாய்விட்டுப் படிக்கக் கூடாது."

"வாய்விட்டுன்னா சத்தம் வரணும். உங்களுக்கு ஒரு எழுத்தாவது கேட்டுச்சா?"

"கேக்கல மேடம்."

மேலிடத்தில் கேட்டு வருவதாகச் சொன்னான். அதுவரை கடிகாரத்தை நிறுத்தச் சொன்னாள். தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்றான். கேள்விகள் பூட்டிக் கிடக்க, மூலையில் நொடிகள் மட்டும் குறைந்துகொண்டே போயின. பக்கத்துச் சின்னச் சதுரத்தில் அவள் முகம், கையும் களவுமாகப் பிடிபட்டவளைப் போல விழித்தது. பதினோரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னது சரிதான் மேடம். தொடருங்க."

போன நிமிடங்களைக் கேட்டாள். கேள்விகள் திறந்தன, கடிகாரத்தில் ஒரு நொடியும் கூடவில்லை. அதன்பிறகு உதடு தன்பாட்டுக்கு ஓட, வெறி பிடித்தவள்போல் படித்தாள். ஒன்பது கேள்வி மிச்சமிருக்கும்போது நேரம் முடிந்து திரை வெளுத்தது. அவளுடைய தேர்வின் காணொளிப் பதிவு மறுஆய்வுக்கு அனுப்பப்பட்டிருப்பதாக ஒரே ஒரு வரி.

கணவர் போனில் அழைத்தார். முடிந்ததா, கிளம்பி வரலாமா, எப்படி எழுதினாள் என்று வரிசையாகக் கேட்டார்.

"கேஸ் ஜெயிச்சுட்டேன்," என்றாள். "பரீட்சைதான் என்னாச்சுன்னு தெரியல."

அவருக்குப் புரியவில்லை. வந்து பேசலாம் என்று வைத்துவிட்டார். அவள் நாற்காலியில் நிமிர்ந்தபடியே இருந்தாள். எழுந்திருக்கலாம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் கடுகளவு பச்சை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.